பெரியம்மா வீட்டுத் தூக்கம்

ஏழாம் அத்தியாயம்

மூன்று வாரமாக லியோன் பகலில் கண்ணை மூடவில்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். மூடியதெல்லாம் நான்கே நான்கு நாட்கள். அந்த நான்கு நாளும் அவன் தூங்கியது பெரியம்மா வீட்டில்.

டொரதிக்கு அதுதான் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மஹய்யாவச் சரிவில், மாத்தளைக்குப் போகும் ரெயில் பாதைக்கு மேலே, தகரக் கூரை போட்ட நீளமான வீடு அது. நடுவில் பலகைச் சுவர் அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பாதியில் டொரதியும் அவள் கணவன் கிளறன்ஸும், இரண்டு வயது எட்டு மாதமான மகன் லியோனும். அந்தப் பாதியில் கிளறன்ஸின் அண்ணன் மனுவேலும் அவர் மனைவி அந்தோனியம்மாவும். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். பிள்ளை இல்லை.

அடுத்த மாதம் மனுவேலுக்குக் குண்டசாலைப் பக்கத்துக் கொக்கோத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை வேலை. ஊரார் கங்கை என்று சொல்லும் ஆற்றுக்கு அப்பால் வீடும் கொடுக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த நாள் தொட்டு டொரதி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்காத காலை இல்லை. மூத்தவர்கள் பிரிந்து போகிறார்களே என்று வாயால் வருத்தப்பட்டாள். மனத்துக்குள் நாட்களை எண்ணினாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் எண்ணியது வேறு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் புதுநன்மை, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கன்னியர் மடத்தில் படிக்கும் ஐந்து சிறுமிகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துத் தருவதாக மதரிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பகலுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முடிந்தது மூன்று. ஒன்றுக்குக் கை வைக்கவில்லை. இன்னொன்றின் முன்பக்கத்தில் கரி.

அந்தக் கரிக்கு ஒரு கதை உண்டு.

முன்பெல்லாம் லியோனுக்குப் பன்னிரண்டரைக்குச் சோறு ஊட்டி, வாய் துடைத்துப் பாயில் போட்டால், அவள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போடுவதற்குள் தூங்கிவிடுவான். இரண்டரை வரைக்கும் அசைய மாட்டான். அந்த இரண்டு மணி நேரத்தில் டொரதி யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் பெண்சாதி இல்லை. கால் மிதிக்க மிதிக்கத் துணி முன்னால் ஓடும். சில நாள் வாய்க்குள் ஏதாவது பாட்டு வரும். அவளுக்கென்று இருந்த ஒரே நேரம் அது.

ஒரு நாள் அது நின்றுபோயிற்று. காய்ச்சல் இல்லை, வயிற்றுக் கோளாறு இல்லை. பிள்ளைக்குப் பகல் தூக்கம் வேண்டாமாம், அவ்வளவுதான்.

யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் பார்த்தாள். வெந்நீரில் குளிப்பாட்டிப் பார்த்தாள். விடியக்காலை ஐந்து மணிக்கே எழுப்பி விட்டாள். அவன் ஐந்து மணி தொட்டுக் கூத்தடித்தான். கடைசியில் தானும் பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்தாள்.

"கண்ண மூடுய்யா."

"மூடிட்டேன்."

"மூடிக்கிட்டுப் பேசக்கூடாது."

"அம்மா, காக்கா எங்க தூங்கும்?"

இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கி மூன்று மாதம். படுத்தால் கண் சொருகும் காலம். போன வெள்ளிக்கிழமை தட்டிக்கொடுத்த கை அப்படியே இருக்க அவள்தான் தூங்கிப் போனாள். விழித்துப் பார்த்தபோது லியோன் மெஷினடியில் உட்கார்ந்திருந்தான். அடுப்படிக் கரி அவன் கையில். வெள்ளை சாட்டினில் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கிளறன்ஸ் சொன்னான்: "மத்தியானத்துல அண்ணிகிட்ட விடேன் டொரதி. பக்கத்து வீடுதானே."

மறுநாள் விட்டாள். இரண்டரை மணிக்கு அந்தோனியம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "ரெண்டு மணி நேரம், அசையவே இல்ல" என்றாள்.

சனி, திங்கள், செவ்வாய், புதன். நான்கு நாளும் அதே சொல். நான்கு நாளும் லியோன் திரும்பி வந்தபோது தலைமுடி படிய வாரி இருந்தது. டொரதி இடப்பக்கம் எடுக்கும் வகிடு வலப்பக்கத்தில் இருந்தது. நான்கு நாளும் அவள் சீப்பை எடுத்து அதைக் கலைத்து மறுபடியும் இடப்பக்கம் வாரினாள்.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

கடைசிப் பிடி சோறு இன்னும் டொரதியின் கையில் இருந்தது. கதவடியில் நிழல் விழுந்தது. கூப்பிடாமலே அந்தோனியம்மா வந்து நின்றாள். நல்ல உயரம். முப்பத்தாறு வயதென்று சொல்ல முடியாத முகம். நீலச் சேலையைக் கசங்காமல் கட்டியிருந்தாள்.

"சாப்புட்டானா? வாய்யா, என் ராசா."

லியோன் வாயில் இருந்ததை விழுங்காமலே எழுந்து ஓடினான். அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"அக்கா, இன்னைக்கு நானே தூங்க வச்சிப் பாக்குறேன்" என்றாள் டொரதி.

அந்தோனியம்மாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. உடனே சிரித்தாள். "ஐயே, ஒனக்கு எதுக்கு இந்தச் செரமம்? கவுனு கெடக்குதே. எங்கிட்ட வந்தா அஞ்சு நிமிசம். தோள்ல போட்டு ரெண்டு தட்டுத் தட்டினா முடிஞ்சிச்சு."

"அஞ்சு நிமிசமா?"

"ஆமா. எல்லாம் கைவாகுதான்."

அவர்கள் போனார்கள். லியோன் திரும்பிப் பார்க்கவில்லை. டொரதி கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே உதறினாள்.

கைவாகாம்! பெற்ற கைக்கு இல்லாத வாகு அந்தக் கைக்கு எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் வலியில் கிடந்து பெற்றவள் இவள். முதல் பல்லுக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் இவள். தூக்கம் மட்டும் அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது.

மெஷினில் உட்கார்ந்தாள். இரண்டு முழம் தைப்பதற்குள் ஊசி முறிந்தது. வேறு ஊசி மாட்டினாள். கால் மிதிக்கவில்லை. எழுந்து போய்ப் பலகைச் சுவரில் காதை வைத்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

நான்கு நாளாக அவள் இப்படித்தான் காதை வைத்துக் கேட்கிறாள். அந்த அமைதிதான் அவளைக் கொன்றது. பிள்ளை அழுதால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அழுதால் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளலாம். 'பாத்தீங்களா, எங்கிட்டத்தான் அடங்குவான்' என்று சொல்லலாம். இந்த நிம்மதியை என்ன செய்வது? அவன் கன்னம் அந்த நீலச் சேலையில் பதிந்திருப்பதையும், வாய் பாதி திறந்திருப்பதையும் சுவருக்கு இந்தப்பக்கம் நின்றே பார்த்தாள்.

"சேசுவே, இது என்ன புத்தி எனக்கு" என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடியும் கதிரைக்கு வந்தாள்.

ஒன்றரை மணி இருக்கும். வாசலில் குரல் கேட்டது.

"லேஸ் வேணுமா மகள்? ரிப்பன் ஈக்கி, வெள்ள நூல் ஈக்கி."

மாதம் ஒரு தடவை துணிமூட்டையோடு வருகிற அக்குறணை ஊர் வியாபாரி நானா. வெயிலில் நடந்து முகம் சிவந்து போயிருந்தது. டொரதி தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு மூட்டையை அவிழ்த்தார். கவுனின் கழுத்துக்கு இரண்டு விரல் அகலத்தில் லேஸ் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தாள் அவள்.

"ஒங்கட மகன் நல்ல சுட்டிப் புள்ள" என்றார் நானா, முழக்கோலை எடுத்தபடி. "எனக்கு சலாம் சொல்றான். ரெண்டு கையாலயும்."

"எப்ப பாத்தீங்க நானா? போன மாசமா?"

"போன மாசமா? இப்பதான் மகள். அங்கன, ரெயில் கோச்சி மலைக்குள்ள போற எடத்துல. ஈரப்பலா மரத்தடியில நிக்கிறான், ஒரு பொம்புளையோட. நீல சேல. உசரமான ஆள்."

டொரதியின் கையிலிருந்த லேஸ் தரையில் விழுந்தது.

"அவன் தூங்குறான் நானா. வீட்டுக்குள்ள தூங்குறான்."

"தூங்குறானா?" நானா சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "எனக்குக் கண் நல்லாத்தான் ஈக்கி."

அவரை வாசலிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாதிக்கு ஓடினாள். கதவில் கொண்டி போட்டிருந்தது. கழற்றி உள்ளே போனாள். கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. பாய் சுருட்டியபடி மூலையில் நின்றது. அந்த வீட்டில் இன்றைக்கு யாரும் தலை சாய்க்கவே இல்லை.

சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அவள் அன்றைக்குப் போன வேகத்தில், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் போகக்கூடாது. முதலில் பயம். ரெயில் பாதை ஓரத்திலா பிள்ளை? இரண்டாவது வளைவில் பயம் போய்க் கோபம் வந்தது. மரம் கண்ணுக்குத் தெரிந்ததும் நின்றாள். செடிகளுக்கு இந்தப்புறம் நின்று மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ரெயில் பாதையை விட்டு நன்றாக மேலே, ஈரப்பலா மரத்தின் வேரில் அந்தோனியம்மா உட்கார்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. சேலை ஓரமெல்லாம் ஒட்டுப்புல். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். லியோனின் இடுப்பில் அவளுடைய முந்தானை. மறுமுனை அவள் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அவன் கற்களை வரிசையாக அடுக்கி ரெயில் விட்டுக்கொண்டிருந்தான்.

"அடுத்த கோச்சி எப்ப பெரியம்மா?"

"வரும்யா. கத்தாத. சத்தம் போட்டா கோச்சி வராது." களைத்த குரல். "அது போவட்டும், அம்மா கேட்டா என்னா சொல்லணும்?"

"தூங்கினேன்."

"எம்புட்டு நேரம்?"

"நெறைய."

டொரதி செடிகளை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நல்லாச் சொல்லிக் குடுக்குறீங்க அக்கா."

அந்தோனியம்மா எழுந்திருக்கவில்லை. கை மட்டும் தன்பாட்டில் முந்தானையை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. லியோன் தாயைப் பார்த்ததும், "அம்மா, கோச்சி!" என்று ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினான்.

"எப்பருந்து நடக்குது இது?"

"மொத நாளு தூங்கினான் டொரதி. மாதா சத்தியமா. ஒரு பத்து நிமிசம்."

"அப்பறம்?"

"அப்பறம் தூங்கல."

"நாலு நாளும் எங்கிட்ட ரெண்டு மணி நேரம்னு சொன்னீங்க. கைவாகுன்னு சொன்னீங்க. சுவத்துல காத வச்சிக் கேட்டேனே நான், ஒரு சத்தமும் இல்லியேன்னு!"

"வீட்ல இருந்தா அவன் சத்தம் போடுவான். ஒனக்குக் கேட்டுரும். அதனாலதான் இங்கன கூட்டிக்கிட்டு வந்தேன்."

"எதுக்கு இந்தப் பொய்?"

அந்தோனியம்மா அண்ணாந்து பார்த்தாள். அவள் கண் கலங்கவில்லை. ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்த பதிலைப்போல நிதானமாகச் சொன்னாள்.

"தூங்கலன்னு உண்மையைச் சொல்லியிருந்தா, மறுநாளு நீ அனுப்பியிருப்பியா?"

டொரதி அனுப்பியிருக்க மாட்டாள். அது இருவருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் அவளுக்குள் நடந்ததை அவள் பிறகு பாவங்களை அறிக்கையிடும் எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் கோயில் சுவாமியாரிடம் சொல்லவில்லை. கோபம் அப்படியே இருந்தது. அதற்கு அடியிலிருந்து சந்தோஷம் ஒன்று மேலே வந்தது. தன்னிடம் தூங்காத பிள்ளை இவளிடமும் தூங்கவில்லை! ஐந்து நிமிஷமும் பொய், இரண்டு தட்டும் பொய். இந்த உயரமான, கசங்காத பொம்பிளை தன் பிள்ளைக்குப் பின்னால் வெயிலில் ஓடி ஓடிக் கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறாள். நான்கு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கியது. தன்னை அறியாமல் டொரதியின் உதடு விரிந்தது.

அந்தோனியம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"சிரிக்கிறியா?"

"நான் எங்க சிரிச்சேன்?"

"சிரி, சிரி." அவள் இப்போதுதான் எழுந்தாள். சேலையை உதறினாள். "இன்னும் மூணு கெழமதானே, மாசம் பொறந்தா நாங்க கெளம்பிருவோம். அதுக்கப்பறம் நான் யாருக்கும் பொய் சொல்லத் தேவையில்ல. தூங்கினாலும் தூங்காட்டியும் புள்ள எங்ககூடத்தானே இருக்கப் போறான்."

"எங்க இருக்கப் போறான்?"

"குண்டசாலைலதான்."

டொரதிக்கு முதலில் விளங்கவில்லை. அந்தோனியம்மாவின் முகத்தில் கோபம் மெல்ல மாறுவதைப் பார்த்துத்தான் விளங்கத் தொடங்கியது. அந்த முகத்தில் இப்போது இருந்தது பயம்.

"தம்பி ஒங்கிட்ட சொல்லலியா?" என்றாள் அந்தோனியம்மா. "ஒனக்கு ரெண்டாவது பொறந்து ஒடம்பு தேறுற வரைக்கும் லியோன் எங்களோட இருக்கட்டும்னு பேசியாச்சே. ஒனக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சிக்கிட்டிருந்தேன். தெரிஞ்சிதான் நீ எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசலன்னு நெனச்சேன்."

டொரதி குனிந்து லியோனின் இடுப்பிலிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்ந்ததும் அவனை வாரித் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

"கோச்சி வரல! கோச்சி இன்னும் வரல!" என்று அவன் முதுகை வளைத்துக் கத்தினான். கை நீட்டிப் பெரியம்மாவைக் கூப்பிட்டான். வீடு வரும்வரைக்கும் காலால் உதைத்தான்.

நானா லேஸைச் சுற்றி வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு அன்று மெஷின் ஓடவில்லை.

ஐந்து மணியானால் லியோன் வேறு பிள்ளை. பகலில் தூங்காததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அந்த நேரத்துக்கு வரும். கரண்டி கேட்டு அழுவான். கரண்டியைக் கொடுத்தால் எறிந்துவிட்டு அழுவான். கிளறன்ஸ் ரெயில்வே கூட்ஸ் ஆபீசிலிருந்து வந்து கோட்டைக் கழற்றியபோது, பிள்ளை தரையில் கிடந்து உருண்டுகொண்டிருந்தான். மனைவி அவனைத் தூக்காமல் கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னா டொரதி, மேலுக்கு முடியலியா?"

"ஏங்க, குண்டசாலைக்கு யாரு யாரு போறாங்க?"

கோட்டை ஆணியில் மாட்டப் போன கை நின்றது.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணுமோ அவரு சொல்லல. அதனால அக்கா சொன்னாங்க."

கிளறன்ஸ் வந்து எதிரில் உட்கார்ந்தான். நல்ல மனிதன். குரல் உயர்த்தத் தெரியாதவன். இல்லை என்ற சொல்லையும் பழகாதவன்.

"அண்ணன் கேட்டாரு" என்றான். "நான் சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

"அவங்க அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க."

"ஒங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன். அவரு மொகத்துக்கு நேரா நான் எப்பிடி மறுக்குறது? அப்பா போனப்ப எனக்கு ஏழு வயசு. அவரு படிப்ப விட்டுட்டுத் தோட்டத்து ஸ்டோருக்கு வேலைக்குப் போனாரு. என்னைப் படிக்க வச்சாரு. இன்னைக்கு நான் மேசையில உக்காந்து எழுதுறேன்னா..."

"அதுக்கு எம்புள்ளையத் தூக்கிக் குடுப்பீங்களா?"

"கொஞ்ச மாசந்தானே."

"கொஞ்ச மாசத்துல அவன் என்னை மறந்துருவான்!" அவள் குரல் உடைந்தது. "இப்பவே நான் ஊட்டுற சோத்த விட்டுட்டு ஓடுறான். நாலு நாளாத்தான் போறான், தலை வாருறதுகூட மாறிப் போச்சு. கங்கைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டா, திரும்பி வரும்போது என்னைச் சின்னம்மான்னு கூப்புடுவான். நீங்க பாத்துக்கிட்டு நிப்பீங்க."

கிளறன்ஸ் குனிந்து மகனைத் தூக்கி மடியில் வைத்தான். அவன் நெளிந்து இறங்கிக்கொண்டான்.

"இப்பவே போயி இல்லன்னு சொல்லுங்க."

"ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டு..."

"இப்ப."

அவன் எழுந்தான். அந்தச் சமயம் பார்த்து வெளியே மாட்டு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மனுவேலின் குரல் சரிவெல்லாம் கேட்கும்படி இருந்தது. "மெதுவா, மெதுவா! கால் இடிபடாம எறக்குங்க!"

லியோன் அழுகையை நிறுத்திவிட்டு வெளியே ஓடினான். இருவரும் பின்னால் போனார்கள்.

வண்டியிலிருந்து ஒரு கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பலா மரத்தில் செய்த சின்னக் கட்டில். பிள்ளை உருண்டு விழாமலிருக்க நான்கு பக்கமும் கம்பி வேலி வைத்ததுபோல உருட்டுச் சட்டங்கள். மெழுகு பூசி மஞ்சளாக மினுங்கியது.

மனுவேலுக்குப் பகலில் நடந்த எதுவும் தெரியாது. தச்சுப் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். மீசைக்குள் சிரிப்பு அடங்கவில்லை.

"வா ராசா! ஒனக்குத்தான். பகல்ல தூங்குறதுக்கு."

"எனக்கா?"

"பின்ன, ஒம் பெரியப்பாவுக்கா? நான் படுத்தா ஒடஞ்சிரும்."

வண்டிக்காரனும் அவருமாகக் கட்டிலை அந்தப் பாதிக்குள் தூக்கிப் போனார்கள். நடு அறையில் வைத்தார்கள். லியோன் தானே சட்டத்தின் மேல் ஏறி உள்ளே குதித்தான். இரண்டு பக்கமும் கையால் தட்டிப் பார்த்தான். பிறகு ஏதோ களைத்த பெரிய மனிதனைப்போல ஒரு பெருமூச்சு விட்டுச் சரிந்து படுத்தான்.

வண்டிக்காரனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பி வைப்பதற்குள் லியோன் தூங்கிவிட்டான்.

பகல் முழுக்க விளையாடியவன் மணி ஆறு அடிப்பதற்கு முன்னால், சாப்பாடு இல்லாமல், கை கால் கழுவாமல், புழுதியோடு தூங்கினான். வாய் பாதி திறந்திருந்தது. பெரியம்மா வீட்டில் அவன் தூங்குகிறான் என்பது இப்போது உண்மை.

அந்தோனியம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் தொட்டு அவள் யாரிடமும் பேசவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலும் வரவில்லை. டொரதியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், மறுபடியும் டொரதியைப் பார்த்தாள்.

டொரதி கட்டிலுக்குப் போய்க் குனிந்தாள். இரண்டு கையையும் அவன் முதுகுக்கு அடியில் விடப் போனாள்.

"எழுப்பிடாத" என்றாள் அந்தோனியம்மா. கிசுகிசுத்த குரல். "இப்பதான் கண்ண மூடினான்."

தூக்கத்தில் தூக்கினால் அவன் விழித்துக்கொள்வான். விழித்தால் வீரிட்டு அழுவான். இந்த நடு அறையில், எல்லோருக்கும் முன்னால், தாயின் கையிலிருந்து பெரியம்மாவிடம் போக வேண்டுமென்று அழுவானோ? அந்தப் பயம் டொரதியின் கையைப் பிடித்துக்கொண்டது. அவள் தூக்கவில்லை. கட்டிலின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். சட்டத்தின் வழியாக ஒரு கையை உள்ளே விட்டு அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தோனியம்மாவும் வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். அவள் கையை உள்ளே விடவில்லை.

வாசலில் நின்ற கிளறன்ஸ் மனைவியின் முதுகைப் பார்த்தான். அண்ணன் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, புள்ள விசயமா ஒண்ணு பேசணும்."

"பேசேன்."

"அது வேணாம்ணே. டொரதிக்கு மனசில்ல. லியோன் இங்கயே இருக்கட்டும். நீங்க கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும்..."

சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மனுவேல் அப்படியே நிறுத்தினார்.

"நான் கேட்டேனா?"

கிளறன்ஸ் ஒரு அடி பின்னால் போனான்.

"நான் எப்படா கேட்டேன்?" மனுவேலின் குரல் ஏறியது. "போன மாசம் பூசை முடிஞ்சி கோயில் வாசல்ல வச்சி நீயாத்தானே வந்து சொன்ன? 'ரெண்டையும் அவ ஒருத்தியா சமாளிக்க மாட்டா, நீங்க கூட்டிக்கிட்டுப் போய் வச்சிக்கங்கண்ணே'ன்னு? நான் வேணாம்னுகூட சொன்னேன். இவகிட்ட ஆசை காட்டிட்டு அப்பறம் இல்லன்னா இவ தாங்க மாட்டாடான்னு சொன்னேனா இல்லியா? நீ என் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கலியா?"

அந்தோனியம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதிது. பிள்ளையைக் கேட்டுப் பெற்றோம் என்றுதான் அவள் இந்த ஒரு மாதமும் நினைத்திருந்தாள்.

கிளறன்ஸ் ஒரு அடி முன்னால் வந்தான். "டொரதி, நான் சொல்றத..."

கட்டிலில் லியோன் முனகிப் புரண்டான்.

டொரதி திரும்பவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்திருந்த கையையும் எடுக்கவில்லை.

"மெதுவாப் பேசுங்க" என்றாள். "புள்ள தூங்குது."